பலனைக் காணாத உழைப்பு வீணா?

ஒரு நற்காரியத்தைத் தொடங்கிய மனிதர், அதன் பலனைக் காணாமலே மறைந்துவிட்டால் அவருடைய உழைப்பு வீண்தானா? நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

வடகிழக்குச் சைபீரியாவில், இண்டிகிர்க்கா நதி ஊடறுத்துச் செல்லும் மலைத்தொடர் ஒன்று உண்டு. நீளம் சுமார் 1500 கிலோமீட்டர். உயர்ந்த சிகரமான பொபேடா 3003 மீட்டர். அப்பக்கத்து ஒய்மியாகோனில் 1933-ல் குளிர் உறைநிலைக்குக் கீழே 67.7 டிகிரியைத் தொட்டது.

போலந்துக் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காகச் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்ட செர்ஸ்கி, தாமே கற்று ஆய்வாளரானவர். 1891-ல் மனைவி மாவ்ராவுடனும் சிறுவயது மகனுடனும் அம்மலைகளைக் கடந்தார். மறு ஆண்டு கோலிமா நதிப் பயணத்தில் நோயுற்று இறந்தார். கணவரை அடக்கம் செய்த மாவ்ரா, ஆய்வைத் தொடர்ந்தார்.

அங்கு வாழும் யாக்கூத்து, எவேன் மக்கள் அம்மலைகளை அறிந்தே இருந்தனர். எனினும் 1926-ல்தான் செர்கேய் ஒப்ருச்சேவ் அது ஒரே பெருந்தொடர் என்று உலகுக்குக் காட்டினார். செர்ஸ்கியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது.

பெயர் கிடைத்ததால்தானா அவ்வுழைப்பு உயர்ந்தது? இல்லை. இடைப்பட்ட 34 ஆண்டுகளிலும் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. பாதியில் நின்றது வீண் என்றால், மாவ்ரா எதைத் தொடர்ந்திருப்பார்? அவரை நினைப்போர் இன்று சிலரே. அதனால் அவர் செய்தது சிறிதாகிவிடுமா?

பலனைக் காண்பது நம் கையில் இல்லை. அடுத்தவர் தொடரும்படி நம் பங்கை ஒழுங்காகச் செய்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.