கூடாரம் அடிக்கும் முன்

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் பயணத் திட்டங்கள் பிறக்கின்றன. உதகை, கொடைக்கானலின் நெரிசலுக்கு அஞ்சும் குடும்பங்கள் சில, கூடாரம் அடித்துத் தங்க ஜவ்வாது மலையை நாடுகின்றன. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாகவோ, போளூர் வழியாகவோ ஜமுனாமரத்தூரை அடையலாம். வழி எளிது. அங்கே எத்தகைய மனிதராய்ச் சென்று சேர்கிறோம் என்பதே கடினமான கேள்வி.

இரண்டு நாள் மின்விசிறியின்றித் தரையில் உறங்குவது நமக்கு விளையாட்டு. சாமை விதைத்தும், தேனும் புளியும் சேகரித்தும் வாழும் அம்மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கோ எளிமை என்பது விடுமுறை அன்று, அதுவே வாழ்க்கை. ஒருவர் சுமக்கும் வாழ்வை மற்றொருவர் பொழுதுபோக்காக்குவது அறமாகுமா?

ஆகாது என்று கூறிப் பயணத்தையே கைவிடலாம். ஆனால் அது அவசர முடிவு. ஆண்டுதோறும் ஏழு நாள் கூடாரங்களில் தங்குமாறு இஸ்ரயேலருக்குக் கட்டளை இருந்தது. வீடும் விளைநிலமும் பெற்ற பின்னரும், பாலைநிலத்தில் வீடின்றி அலைந்த முன்னோரை அவர்கள் மறவாதிருக்கவே அவ்விழா. ஆகவே கூடாரத்தில் தங்குவது தன்னளவில் போலித்தனம் அன்று. அது நமக்கு எதை நினைவூட்டுகிறது என்பதே அதன் மதிப்பை முடிவு செய்கிறது.

அந்த நினைவு மெய்யானதா என்பதை நம் பயணத் திட்டமே காட்டிவிடும். மழைக்காலத்தில் ஆர்ப்பரிக்கும் பீமன் அருவி கோடையில் மெலிந்துவிடும். அப்போது குளிக்கவும் பாத்திரம் கழுவவும் நாம் செலவிடும் நீர், ஊராரின் குடத்திலிருந்து எடுத்த நீரே. தேவையான நீரைக் கொண்டு செல்வதும், அளந்து செலவிடுவதும் விருந்தினரின் முதற்கடமை.

அடுத்தது நெருப்பு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன்பின் அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. வனத்துறையின் அனுமதியைத் தொல்லை என எண்ணுவோர், உலர்ந்த சருகின் மீது விழும் ஒரு பொறியின் வலிமையை எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாவது ஒளி. காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்டது. வைனு பாப்பு பெயரால் விளங்கும் அந்த வானாய்வகத்திற்கு இருளே செல்வம். வேண்டாத விளக்கை அணைத்தால் நம் பிள்ளைகளும் விண்மீன்களைக் காண்பர்.

இறுதியாக, விலை. நகரத்து விடுதியில் கேட்ட தொகையைத் தந்துவிட்டு, மலையில் தேன் விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய்க்கு வாதாடுகிறோம். அருகில் நின்று அதைக் காணும் குழந்தை, எளிமையைப் பற்றி அல்ல, எளியவரை எப்படி நடத்தலாம் என்பதைப் பற்றியே பாடம் கற்கிறது.

பணம் கொடுத்ததால் மலை நமக்கு உரிமையாகிவிடவில்லை. அதன் மக்கள் நம்மை ஏற்றுக்கொண்டதால் நாம் அங்கே விருந்தினர். விருந்தினர் என்ற நினைவோடு செல்லும் குடும்பமே, விட்டுச் சென்ற வீட்டிற்குச் சற்று நல்ல மனிதராய்த் திரும்பும்.