விலைப்பட்டியல் யாருடைய சொல்?

விற்பவர் ஒருவர், தாம் கொடுத்த பொருள் இன்னது, அதன் அளவும் விலையும் வரியும் இவ்வளவு என்று எழுதி வாங்குபவருக்கு அளிக்கும் ஏடே விலைப்பட்டியல். கடைத்தெருவில் அதனைப் பில் என்றே வழங்குவர். பணம் கேட்கும் தாளாக மட்டுமே அது பெரும்பாலும் கருதப்பட்டாலும், நேரில் காணாத ஒருவருக்கு நிகழ்ந்தது இதுதான் என்று அறிவிக்கும் வாக்குமூலமாகவும் அது இருப்பதால், பிறர் சொல்லை நம்புவதற்கு எது ஆதாரம் என்ற பழைய தத்துவக் கேள்வி அதற்கும் உரியதாகிறது. மணிமேகலையின் 27ஆம் காதை, தத்தம் சமயக் கொள்கைகளை எடுத்துரைப்போரைச் ‘சமயக் கணக்கர்’ என்று அழைக்கிறது. வரவுசெலவு எழுதுவோருக்கும் மெய்ப்பொருள் ஆராய்வோருக்கும் ஒரே சொல்லைத் தந்த மொழியில், இவ்விரு கணக்குகளையும் சேர்த்து எண்ணுவது புதுமையன்று.

சொல்லின் வழியே அறிவு பெறுவதைத் தமிழ்ச் சைவ நூல்கள் உரையளவை என்றும், வடமொழியாளர் சப்தப் பிரமாணம் என்றும் கூறுவர். கௌதமரின் நியாய சூத்திரப்படி, நம்பத்தக்கவராகிய ஆப்தரின் கூற்றே அத்தகைய அளவை. அச்சூத்திரத்திற்கு உரை வகுத்த வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்திருப்பதும் அறிந்தவாறே பிறர்க்கு அறிவிக்க விரும்புவதும் ஆப்தரின் இலக்கணம் என்று வரையறுத்து, அது முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் சேர்த்தார். நம்பகத்தைக் குலத்திலிருந்து பிரித்து அறிவோடும் நேர்மையோடும் பிணைத்த இந்தச் சேர்க்கை, அவ்வுரையின் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்று.

இன்றைய நிறுவனத்தில் இவ்விலக்கணம் சிதறிக் கிடக்கிறது. ஐம்பது பம்பு செட்டுகளுக்கு ஒப்புக்கொண்ட தள்ளுபடியை விற்பனைப் பிரிவு அறியும். லாரியில் ஏறியவை நாற்பத்தெட்டே என்பதைக் கிடங்கு அறியும். வரி விகிதத்தைக் கணக்குப் பிரிவு அறியும். தாளின் அமைப்பையோ கணினிப் பிரிவு வகுத்திருக்கும். ஆர்டரில் இருந்த ஐம்பது என்ற எண்ணே பட்டியலில் ஏறிவிட்டால், எவரும் பொய் சொல்லாமலேயே ஒரு பொய் வாடிக்கையாளரின் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. அறிந்தவர் அறிவிக்கவில்லை, அறிவித்தவர் அறியவில்லை. பொய்க்கு ஒரு நாவைத் தேடிப் பழகிய அறநூல் மரபுக்கு இது கடினமான வழக்கு.

பேசியவரே இல்லாத சொல் என்ற கருத்து மீமாம்சகருக்கு உண்டு. வேதம் எவராலும் இயற்றப்படாதது, அதாவது அபௌருஷேயம், ஆகவே ஆசிரியரின் குற்றங்கள் அதில் ஏற வழியில்லை என்பது அவர்களின் வாதம். கணினி தந்த பட்டியலில் ‘கையொப்பம் தேவையில்லை’ என்ற குறிப்பைக் காணும்போது, அதுவும் அவ்வாறே ஆசிரியரற்றது என்ற மயக்கம் எழுகிறது. இந்தியாவில் 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் விதிகள், பட்டியலுக்குப் பதினாறு எழுத்துகளுக்கு மிகாத தொடர் எண்ணையும் விற்பவர் தரப்பின் கையொப்பத்தையும் கேட்டன. சட்டப்படியான மின்னணுப் பட்டியலுக்குக் கையொப்பம் வேண்டாம் என்ற திருத்தம் 2018 இறுதியில் வந்தது. 2020 அக்டோபரில் பெருநிறுவனங்களுக்குத் தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறையில் ஒவ்வொன்றுக்கும் 64 எழுத்துகள் கொண்ட அடையாளக் குறி பிறக்கிறது. ஆயினும் அக்குறி, விற்பவரின் வரிப்பதிவு எண், ஆவணத்தின் வகை, அதன் எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்தே கணிக்கப்படுவது. பெட்டிக்குள் இருப்பது நாற்பத்தெட்டா ஐம்பதா என்பது அதற்குத் தெரியாது. எனவே கையொப்பம் மறைந்தாலும் ஆசிரியர் மறைவதில்லை. பலராகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறார்.

அப்பலரையும் மீண்டும் ஓர் ஆப்தராக இணைக்கும் வேலையே பட்டியலின் வடிவமைப்பும் கட்டுப்பாடும். அளவைக் கிடங்கே பதிய வேண்டும், விலையை மாற்றுபவரின் பெயரும் நேரமும் நிற்க வேண்டும், படிவத்தின் ஒரு கட்டத்தை நீக்குவதற்கும் பொறுப்பாளரின் இசைவு வேண்டும் என்ற ஏற்பாடுகள் அலுவலகச் சடங்குகளாகத் தோன்றினாலும், ஒவ்வொரு எண்ணும் அதை நேரே அறிந்தவரிடமிருந்தே வரச் செய்வதால், வாத்ஸ்யாயனரின் முதல் நிபந்தனையை நிறைவேற்றுகின்றன. தொகை கூடிவிட்ட பட்டியலை அழித்தெழுதாமல், வரவுக் குறிப்பு எனப்படும் வேறோர் ஆவணத்தால் திருத்தும் வழக்கமும், பிழையை மறைக்காமல் ஏற்றுக்கொள்வதால், அதே நேர்மையைச் சேர்ந்தது.

இரண்டாம் நிபந்தனையாகிய விருப்பத்தைப் படிவத்தால் உண்டாக்க இயலாது. அதைக் காக்க மட்டுமே இயலும். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282, கடனை எழுதி வைக்கப் பணிக்கும்போது, வாசகத்தைச் சொல்லும் உரிமையைக் கடன்பட்டவருக்கு அளித்து, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யலாகாது என்றும் விதிக்கிறது. விலைப்பட்டியலிலோ பணம் பெற வேண்டியவரே வாசகத்தைச் சொல்பவர். ஆகவே எழுதுபவர்மேல் விழும் நெருக்கடி இங்கே கூடுதல். நிதியாண்டின் விற்பனைக் கணக்கை உயர்த்துவதற்காக, கிடங்கை விட்டு நகராத சரக்குக்கு மார்ச் 31ஆம் நாளிட்டுப் பில் போடும்படி சொல்லப்படும் எழுத்தர், முடியாது என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே மேசைக்கு அச்சமின்றி வர இயலுமா என்பதே அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி.