யார் கூலி கண்ணை உறுத்துகிறது?

ரிஷப் பந்த் எடுத்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பத்து லட்ச ரூபாய். 2025 ஐபிஎல் முடிந்ததும் ஊரெல்லாம் புழங்கிய கணக்கு இது. கணக்கில் தப்பில்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் லக்னோ அணி அவரை 27 கோடிக்கு எடுத்தது. அதுவரை எந்த வீரருக்கும் போகாத விலை. அந்தப் பருவம் முழுக்க அவர் எடுத்தது 269 ஓட்டம். அதிலும் 118 கடைசி ஆட்டத்தில் வந்தது. அந்த ஆட்டத்திலும் அணி தோற்றது.

வகுத்துப் பார்த்துத் தலைசுற்றியவர்கள் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார்கள். "பகல் கொள்ளை" என்கிறார் ஒருவர். "அவன் யோகம், நம்ம தலையெழுத்து" என்கிறார் இன்னொருவர். முன்னவர், கோபப்பட்டதாலேயே யோசித்துவிட்டதாக நினைக்கிறார். பின்னவர் யோசிக்கவே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார். இருவரிடமும் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது.

யோகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வீரர்களை எடுக்க ஒரு அணி 120 கோடிக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது அந்த ஏலத்தின் விதி. எந்தக் கிரகம் எழுதிய விதி அது? யாருக்கு அடிப்படை விலை 30 லட்சம், யாருக்கு 2 கோடி, எத்தனை பேரைத் தக்கவைக்கலாம் என்பதெல்லாம் எந்த ஜாதகக் கட்டத்தில் இருந்தது? சில மனிதர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதியது. மனிதர் எழுதியதை மனிதர் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். யோகம் என்று சொல்லிவிட்டால் அந்த அறையின் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். அதற்காகத்தானே அந்தப் பேச்சு?

இனி கொள்ளை. 27 கோடி கொடுத்தவர் ஏமாளியா? 2021-இல் லக்னோ அணியின் உரிமையை வாங்க மட்டும் அவர் போட்ட தொகை 7,090 கோடி. அவர் வாங்கியது வெறும் ஓட்டங்களை அல்ல. தலைவர் ஒருவரை, சட்டையில் அச்சடிக்கும் விளம்பரத்துக்கு ஒரு முகத்தை, தொலைக்காட்சி முன்னால் உட்காரும் கோடிக்கணக்கான கண்களை. 2023 முதல் 2027 வரை ஐபிஎல்லை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடிக்கு விற்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9,678 கோடி. 2025 பருவத்துக்குப் பத்து அணிகளும் வீரர்களுக்கான பணப்பையை முழுசாகக் காலி செய்திருந்தாலும் 1,200 கோடி. எட்டில் ஒரு பங்கு. 2025 முதல் தரும் ஆட்டச் சம்பளத்தைச் சேர்த்தாலும் ஏழில் ஒன்றைத் தாண்டாது. டிக்கெட், சட்டை, அணி விளம்பரம் ஆகியவற்றின் வருமானத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்தில் லீக் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி வீரர்களுக்குப் போகிறது.

அப்படியானால் கொடுக்கிற காசுக்கு வீரர்கள் தகுதியானவர்களா? முதலாளியின் கணக்குப்படி தகுதியானவர்கள்தான். ஒரு பந்த் சறுக்கலாம், ஒருவர் காயத்தோடு உட்காரலாம். மொத்தக் கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் முதலாளிகள் மலிவாகத்தான் வாங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டுப் பலருக்கு வயிறு எரியும். எரியட்டும். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். 27 கோடி நமக்கு மனப்பாடம். 48,390 கோடி எத்தனை பேருக்குத் தெரியும்? வீரர் தன் வருமானத்துக்கு வரி கட்டுகிறார். இத்தனை பணம் புரளும் ஐபிஎல்லை நடத்தும் கிரிக்கெட் வாரியமோ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்பு. ஐபிஎல் நடத்தினாலும் அதன் நோக்கம் கிரிக்கெட்டை வளர்ப்பதுதான் என்று 2021-இல் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் வரிவிலக்கின் பக்கம் நின்றது. இதற்கு எந்த டீக்கடையிலாவது கண்ணாடித் தம்ளர் அதிர்ந்ததா?

உழைத்துச் சம்பாதிக்கிறவனின் சம்பளம் நம் கண்ணை உறுத்துகிறது. உடைமை சம்பாதித்துக் கொடுக்கும் லாபம் உறுத்துவதில்லை. முதலாளிக்குப் பணம் இருப்பது இயற்கை. வேலைக்காரன் கையில் வந்தால் அது விபரீதம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துப் பாருங்கள். அப்பா நெசவுக் கூலி, அம்மா சாலையோரக் கடை. 2017-இல் பத்து லட்சம் அடிப்படை விலையிலிருந்து மூன்று கோடிக்குப் போனார். 2024 ஏலத்தில் 10.75 கோடி. "இவனுக்கா இவ்வளவு?" என்று கேட்கிறவர்கள், அந்த அணிகளின் முதலாளிகளைப் பார்த்து "இவருக்கா இவ்வளவு?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்தக் கேள்வி காவிரி டெல்டாவுக்குப் புதிதல்ல. அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களைப் பார்த்தும் "இவர்களுக்கா இவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலக்காரர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. அத்தனை வசதியானவர்கள் தாங்களே நேரில் வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்கிற ரீதியில் காரணமும் சொன்னது. ஏல வீரனையும் வெண்மணிக் கூலியாளையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒருவனுக்குக் கோடி, மற்றவருக்கு நெருப்பு. ஆனால் கூலி உயரும்போது மட்டும் துடிக்கிற அந்த நரம்பு ஒன்றுதான். அது நம் உடம்பில் இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஐபிஎல்லும் காவிரியும் நேருக்கு நேர் மோதிய நாள் ஒன்று உண்டு. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய தண்ணீரை 177.25 டிஎம்சி என்று குறைத்தது; தண்ணீரைப் பகிரும் ஏற்பாட்டை ஆறு வாரத்தில் செய்யச் சொன்னது. ஆறு வாரம் போயிற்று, மத்திய அரசு அசையவில்லை. ஏப்ரல் 10 அன்று, இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை அணி சேப்பாக்கத்தில் ஆடியது. வெளியே மறியல். உள்ளே எல்லைக்கோட்டருகே நின்ற ஜடேஜா பக்கம் செருப்பு வந்து விழுந்தது. சேப்பாக்கத்தின் மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்களை அழைத்துப்போக 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயிலே விட்டார்கள். நீதிமன்றம் கேட்ட அந்த ஏற்பாடு, காவிரி ஆணையம், ஜூன் 1-ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் சென்னை கோப்பையையே வாங்கிவிட்டது.

செருப்பு வீசியது சரியா? தப்பு. மேட்டூர் மதகின் சாவி ஜடேஜாவிடம் இல்லை. தன் வேலையைப் பார்க்கும் ஒரு மனிதனை அவமானப்படுத்திப் பெறும் நியாயம் நியாயமே அல்ல. சரி, "விளையாட்டில் அரசியல் வேண்டாம்" என்று அன்று உபதேசித்தவர்கள் மட்டும் யோக்கியர்களா? குறுவைக்குத் தண்ணீர் இல்லை என்று திருவாரூரிலும் நாகையிலும் எத்தனை ஆண்டுகளாக ஆர்ப்பாட்டம் நடக்கிறது? எந்தக் கேமரா போயிற்று? சேப்பாக்கத்தில் கேமரா இருக்கும் என்று தெரிந்துதான் போராட்டக்காரர்கள் சேப்பாக்கத்துக்குப் போனார்கள். தன் தாகத்தைச் சொல்ல டெல்டா கிரிக்கெட்டின் கேமராவைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்த வெட்கம் வீரருடையது அல்ல, பார்வையாளருடையது. நம்முடையது.

கேமரா போகாத ஏலம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமா? குறுவை அறுவடைக் காலத்தில் ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் போங்கள். தார்ச்சாலையின் பாதியை அடைத்து நெல் பரப்பியிருக்கும். பெண்கள் பாதத்தைத் தரையோடு இழுத்து இழுத்து நடந்து, அடியில் இருக்கும் ஈர நெல்லை மேலே கொண்டுவருவார்கள். மேகம் கறுத்தால் தார்ப்பாய், வெளுத்தால் மறுபடி கால். நிலையத்தில் ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்க்கும் கருவியில் போடுவார்கள். 17 சதவீதம் வரை வாங்குவார்கள். 19 காட்டினால் திரும்பவும் சாலைக்கு. 2025 அக்டோபர் மழையில் இப்படிக் காத்துக் கிடந்த நெல் தஞ்சையில் முளைவிட்டது. முளைத்த நெல்லுக்கு ஏலம் கேட்க ஆள் உண்டா?

விலையைப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு, மாநில ஊக்கத்தொகை சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 1,018. அதற்கு மேல் கை தூக்க யாரும் இல்லை. இதுவாவது நெல் வைத்திருப்பவருக்கு. நாற்று நட்ட பெண்ணுக்கு இந்தப் பட்டியலில் வரியே கிடையாது. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அந்த ஆண்டு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். 27 கோடியை அதால் வகுத்தால் எட்டு லட்சம் நாள் வேலை வரும். உடனே அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி நெஞ்சு நிமிர்த்தாதீர்கள். பந்த் நாளைக்கே 27 கோடியையும் திருப்பிக் கொடுத்தாலும் அந்த 336 ரூபாய் 337 ஆகாது. பணம் அணி முதலாளியின் கணக்குக்குத் திரும்பும், அவ்வளவுதான். நடவுப் பெண்ணின் கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் பந்த் அல்ல. அவள் கூலியை எழுதும் அறையில் யாரும் எட்டிப் பார்க்காததுதான் காரணம்.

வீரர்களுக்கு இதில் பொறுப்பே இல்லையா? உண்டு. சம்பளத்துக்கு அல்ல, விற்கிற பொருளுக்கு. காசு கட்டி ஆடும் செயலிகளுக்கு எத்தனை ஆண்டுகள் நட்சத்திர வீரர்கள் சிரித்த முகத்தோடு விளம்பரம் செய்தார்கள்? ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகளை இந்த மாநிலம் பார்த்தது. தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்த பிறகுதான் அந்த விளம்பரங்கள் ஓய்ந்தன. கோடிகளில் சம்பளம் வாங்குகிறவருக்குக் கூடுதலாக அந்தக் காசு எதற்கு? சட்டம் வரும்வரை மனசாட்சி எங்கே போயிருந்தது? இங்கே கேளுங்கள் கேள்வியை. நியாயமான கேள்வி.

ரசிகர்களும் தப்ப முடியாது. வீரனின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறோம். 'தல' தோனிக்குக் கோயில் கட்டுவார்கள் என்று முன்னாள் சக வீரரே பெருமையாகப் பேசினார். மனிதனைச் சாமியாக்கினால் பக்தன் வெறும் கூட்டமாகிவிடுவான். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு மைதான வாசலில், அந்த ஊர் ஐபிஎல் அணியின் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் செத்தார்கள். அணி முதலில் அறிவித்தது ஆளுக்குப் பத்து லட்சம். பிறகு 25 லட்சமாக உயர்த்தியது. அந்த அணியில் ஒரே வீரரைத் தக்கவைக்கக் கொடுத்தது 21 கோடி. ரசிகனின் கண்ணுக்கு 48,390 கோடி கொடுத்த சந்தையில் அவன் உயிருக்கு என்ன விலை என்று பார்த்தீர்களா? செத்த பிறகு "விதி" என்று சொல்லத்தான் ஆள் இருந்தார்கள். வாசலைத் திறக்கும் நேரம், போலீஸ் எண்ணிக்கை, இலவச நுழைவு பற்றிய அறிவிப்பு எல்லாம் மனிதர்களின் முடிவுகள். விதிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆட்டத்தைப் பாருங்கள், ரசியுங்கள், விசில் அடியுங்கள். சம்பாதிக்கிறவனைச் சபிக்க வேண்டாம். சபித்து யாருக்கும் ஒரு மரக்கால் நெல் கூடியதில்லை. ஆனால் பந்தின் சம்பளத்தை வகுத்துப் பார்த்த அதே மூளையை உள்ளூரிலும் கொஞ்சம் செலவழியுங்கள். உங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்துக்குக் கூரை இருக்கிறதா? மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவதாக விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லும் புகார் என்ன ஆயிற்று? நடவுக் கூலி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா? 27 கோடியைத் தீர்மானித்தவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. மூட்டை 1,018-ஐத் தீர்மானிக்கிறவர்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கைகூப்பி வருகிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் அனுப்பிவிட்டு, பந்த் தகுதியானவரா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன தகுதி?