அப்பா காசில் அப்பாவுக்குப் பரிசு

பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தில் மயில் வரைந்து, கிழிந்த ஓரத்தைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ‘அம்மாவுக்கு’ என்று எழுதித் தருகிறது ஒரு குழந்தை. பத்திரிகை வீட்டில் கிடந்தது. கிரேயான் அப்பா வாங்கித் தந்தது. சோறுகூட அம்மா வடித்ததுதான். அப்படியானால் குழந்தை கொடுத்தது எது?

சமயச் சிந்தனைக்கு இது பழைய கேள்வி. எல்லாமே கடவுளுடையது என்றால் பக்தர் எதைப் படைப்பது? வெல்லப் பிள்ளையாரைக் கிள்ளிப் பிள்ளையாருக்கே நைவேத்தியமா என்று கேலி செய்கிறது நம் பழமொழி. 1952இல் வெளிவந்த ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ நூலில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் இதையே கனிவாகச் சொன்னார்: ஒரு சிறு குழந்தை அப்பாவிடம் ஆறு பென்னி வாங்கி, அவருக்கே பிறந்தநாள் பரிசு தருகிறது. அப்பாவுக்கு மகிழ்ச்சிதான், வரவு மட்டும் ஏதுமில்லை. சௌந்தர்யலஹரியின் நூறாம் பாடலும், தேவியின் சொற்களாலேயே தேவியைத் துதித்ததாகச் சொல்லித்தான் முடிகிறது.

பொருளை எண்ணினால் இந்தக் கணக்கு சரி.

ஆனால் தோகைக்கு நீலம் தீர்ந்துபோனதும் மிச்சத்தைப் பச்சையால் நிரப்ப முடிவெடுத்தது குழந்தை. தெருவில் மற்றவர்கள் விளையாட, உள்ளே உட்கார்ந்திருந்ததும் அதுவே. அந்த மாலைப்பொழுதை யாரும் அதற்கு வாங்கித் தரவில்லை. நேரமும் இறைவன் தந்ததே எனலாம். அதை யாருக்காகச் செலவிடுவது என்ற விருப்பம் கொடுப்பவருடையது. பெரியபுராணத்தில், காசில்லாத திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டுகிறார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ மன்னனின் கனவில் சிவன் தோன்றி, பூசலாரின் ஆலயத்துக்குப் போக வேண்டியிருப்பதால் குடமுழுக்கை வேறு நாளுக்கு மாற்றச் சொல்கிறார்.