மூட்டை வந்த வழி

குண்டடம் வடுகநாத சுவாமி கோயிலின் தலக்கதை கொங்குப் பக்கம் பலருக்கும் தெரிந்ததுதான். மிளகு மூட்டைகளோடு வந்த வணிகர் ஒருவர் அங்கே இரவு தங்குகிறார். முதியவர் வடிவில் வந்த பைரவர் மருந்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்க, கொடுக்க மனமில்லாமல் 'இது பயறு' என்று சொல்லிவிடுகிறார். பிறகு அரண்மனையில் மன்னன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாசிப்பயறு. ஏமாற்றுக்காரன் என்று தண்டனை விதிக்கிறான். வணிகர் பைரவரிடம் கதறி முறையிட்ட பிறகே பயறு மீண்டும் மிளகாகிறது. பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். மன்னன் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரியும். அவன் கண்ணெதிரே கிடந்தது பயறுதான், அதில் பிழையில்லை. கிளம்பிய இடத்துக்கும் அரண்மனைக்கும் நடுவே மூட்டைக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் அவன் கேட்கவில்லை. வணிகருக்கு மேல்முறையீடு செய்ய ஒரு தெய்வம் இருந்தது. அப்படி யாரும் வராத கைதிக்காக அந்த வழியைத் தீர்ப்புக்குப் பிறகும் தோண்டிக் கேட்க, வக்கீலும் அறிவியல் நிபுணரும் வேண்டும். அந்தச் செலவை அரசு ஏற்பதைப் பலரும் இரக்கத்தின் கணக்கில் எழுதுகிறார்கள். தண்டிக்கும் அதிகாரம் கையில் உள்ளவர் பட்ட கடன் என்று எழுதுவதுதான் சரி.

2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் ஓர் இளம் காதல் ஜோடி கொல்லப்பட்டது. பிடிபட்டவருக்கு 2018-இல் விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. வழக்கின் முதுகெலும்பு டி.என்.ஏ. அறிக்கை. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது அந்த அறிவியலைத் தள்ளிவிடவில்லை. மாதிரிகள் வந்த வழியைத்தான் நம்பவில்லை. எடுத்ததிலும் வைத்திருந்ததிலும் அனுப்பியதிலும் ஓட்டைகள் இருந்தன. நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். குச்சியில் சுற்றிய பஞ்சை மருத்துவர் எடுத்து உறையிலிட்டு முத்திரை வைக்கிறார். அது காவல் நிலையத்துக்குப் போகிறது. படிவம் 95-இல் எழுதி நடுவர் நீதிமன்றத்தில் ஒப்படைக்கிறார்கள். அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு தேதி, ஒரு கையெழுத்து விழ வேண்டும். ஒன்று விட்டுப்போனால் ஆய்வக எந்திரம் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட டெல்லி சாவ்லா வழக்கிலும் 2022 நவம்பரில் இதே கதை: மாதிரிகள் நாள்கணக்கில் காவல் நிலைய அறையில் கிடந்தன, தூக்குத் தண்டனை பெற்றிருந்த 3 பேர் விடுதலையானார்கள்.

சிலப்பதிகாரத்தை ஊழின் காவியமாகவும் கற்பின் காவியமாகவும் படித்துவிட்டோம். நிபுணர் சாட்சியத்தின் காவியமாக யாரும் படிப்பதில்லை. மதுரைப் பொற்கொல்லன்தான் அந்த வழக்கின் ஒரே நிபுணன். சிலம்பை அடையாளம் சொன்னவன் அவன், களவாடியவனும் அவன். காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் களவு நூலை எடுத்துவிடுகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் கள்வருக்கு எட்டுத் துணை உண்டு என விளக்குகிறான். சாத்திரத்தின் பகட்டில் கண்ணால் கண்டவர்களின் ஐயம் அடங்கிப்போகிறது. கோவலன் தரப்பில் அந்த நூலைப் படித்த ஒருவர் நின்றிருந்தால் இரண்டே கேள்வியில் வழக்கு உடைந்திருக்கும். பாண்டியனிடம் ஒன்றை மட்டும் பாராட்ட வேண்டும். தண்டனை நிறைவேறிய பின்பும், வழக்கு முடிந்துவிட்டது என்று அவன் கதவை அடைக்கவில்லை. கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைத் தானே வரவழைத்து, எதிரி கையாலேயே உடைத்துப் பார்க்கவிட்டான். அதற்கான கட்டணத்தைக் கண்ணகியிடம் கேட்கவும் இல்லை.

தண்டிப்பவர் பட்ட இந்தக் கடனை நம் சட்டம் ஏட்டளவில் ஒப்புக்கொண்டுவிட்டது. 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 39ஏ இலவச சட்ட உதவியைப் பேசுகிறது. 1978-இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், சிறையில் இருப்பவருக்குத் தீர்ப்பின் நகலும் மேல்முறையீட்டுக்கு வக்கீலும் அரசு தர வேண்டும் என்றார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, காவலில் உள்ளவர்களோடு தொழிலாளர்களையும் அந்த உதவிக்கு உரியவர்கள் பட்டியலில் சேர்க்கிறது. திருப்பூர் வட்டாரத்தில் இதன் பொருள் பெரிது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நூற்பாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் வந்தவர் ஒரு வழக்கில் மாட்டினால், மகஜரில் என்ன எழுதியிருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது, மேல்முறையீடோ சென்னையில். அவருக்கு வக்கீல் கிடைத்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். அறிக்கையைப் படிக்கப்போவது யார்? டி.என்.ஏ. அறிக்கை என்பது எண்கள் நிறைந்த ஓர் அட்டவணை, அடியில் 'பொருந்துகிறது' என்று ஒரு வரி. எந்திரம் வரைந்த மூல வரைபடம் அதோடு பெரும்பாலும் வருவதில்லை. இரண்டு பேரின் மாதிரி கலந்திருக்கிறதா, எந்த இடத்தில் பதிவே விழவில்லை என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் தெரியும். போதாததற்கு, அரசு அறிவியல் நிபுணர் சிலரின் அறிக்கையை அவர்களைக் கூண்டில் ஏற்றாமலேயே சான்றாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. சட்ட உதவி விதிகளில் சாட்சிச் செலவுக்கு இடம் உண்டு. ஆனாலும் எதிர்த்தரப்புக்கென்று ஒரு நிபுணரை அமர்த்தித் தருவது இங்கே நடைமுறையாகவில்லை. வக்கீலை மட்டும் கொடுப்பது, எட்டுத் துணைகளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரைப் பொற்கொல்லன் எதிரே நிறுத்துவதுதான்.

இதைச் சொன்னதும் எழும் கேள்வி, கொலைகாரனுக்கு என் வரிப்பணமா என்பது. பெண்ணைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து வரும்போது அந்தக் கேள்வியின் கோபத்தை மறுக்க முடியாது. மத்தியப் பிரதேசம் காண்ட்வா வழக்கு அதற்கு ஒரு பதில் சொல்கிறது. சிறுமி கொலையில் 2013-இல் ஒருவருக்குத் தூக்கு. குற்றச்சாட்டு வனைந்த நாளில்தான் அவருக்கு இலவச வக்கீலே நியமிக்கப்பட்டார் என்பதால் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணையிலும் தூக்கு. டி.என்.ஏ. நிபுணரை விசாரிக்கவே இல்லையே என்று உயர் நீதிமன்றம் திரும்பவும் அனுப்ப, 2024 மார்ச்சில் அவர் விடுதலையானார். சிறைக்குப் போய் 11 ஆண்டுகள். அத்தனை முறை அவரைத் தண்டிக்க ஆன செலவில், முதல் நாளே ஒரு நல்ல வக்கீலுக்கும் ஒரு நிபுணருக்கும் கொடுத்தது போக மிச்சமிருந்திருக்கும். தவறான ஆள் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆண்டும் சரியான ஆள் வெளியே இருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் இரண்டாவது அநியாயம் அது. சுருளி வழக்கிலோ சாவ்லா வழக்கிலோ விடுதலையானவர்கள் நிரபராதிகள் என்று யாரும் மெய்ப்பித்துவிடவில்லை என்பதும் உண்மைதான். மெய்ப்பிக்கக் கூடிய சான்றைக் கெடுத்தவர்கள் புலனாய்வு செய்தவர்கள். அதற்காக வெளியில் தெரியும்படி கேள்வி கேட்க ஆளிருந்தால்தான் அடுத்த உறையில் தேதி ஒழுங்காக விழும்.

இதைவிடக் கனமான மறுப்பு வேறு: எந்த வழக்குக்கும் ஒரு முற்றுப்புள்ளி வேண்டாமா? இதற்கு விடை இந்த மண்ணிலேயே உண்டு. கொங்கு நெடுங்காலம் சமணம் தழைத்த மண்; விஜயமங்கலத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. எந்தக் கூற்றும் ஒரு நிலையில் நின்று சொன்ன கூற்று என்பது சமணர் வாதம். எல்லாமே ஐயம் என்று கைவிரிப்பதல்ல அது. அந்த நிலை நிற்கும்வரை கூற்றும் நிற்கும். தீர்ப்பும் அப்படித்தான், இந்தச் சான்றுகளின்படி இவர் குற்றவாளி என்பதற்கு மேல் எந்த மனித நீதிமன்றமும் சொல்லிவிட முடியாது. ஆகவே மேல்முறையீடு நடக்கும்போது கைதி சிறையிலேயே இருக்கட்டும், தீர்ப்பு நிற்கட்டும். சான்றின் அடித்தளமே அசைந்துவிட்டால் மட்டும் அதைச் சொல்ல ஒரு வாசல் வேண்டும். முடி ஒப்பீட்டை வைத்துத் தன் நிபுணர்கள் சொன்ன பழைய சாட்சியங்களை அமெரிக்க எஃப்.பி.ஐ. திரும்பப் பார்த்தபோது, ஆராய்ந்த விசாரணைப் பதிவுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிழை இருந்ததாக 2015-இல் அதுவே ஒப்புக்கொண்டது. இங்கிலாந்தில் முடிந்த வழக்குகளை மறுபடி ஆராயவென்றே அரசுப் பணத்தில் ஓர் ஆணையம் 1997 முதல் இயங்குகிறது. அதுவும் சிலரைத் திருப்பியனுப்பித் தவறியிருக்கிறது. இங்கே தவறுவதற்குக்கூட அப்படி ஒன்று இல்லை. மறுசீராய்வு, குறைதீர் மனு, கருணை மனு என்று நமக்கிருக்கும் வழிகள் எதுவும் பஞ்சுக்குச்சியை மீண்டும் சோதிப்பதற்காக உண்டானவை அல்ல.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய வழக்குகளில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயாக வேண்டும் என்கிறது. ஆய்வகத் தாள்கள் இனிப் பெருகும். சுருளி தீர்ப்பு நல்ல விதிகளைத் தந்திருக்கிறது: மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறிய விவரமெல்லாம் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும், மேல்முறையீடு நிலுவையில் இருக்கும் காலத்திலும் விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் உறையைப் பிரிக்கக் கூடாது, அந்த அனுமதியும் தகுதியும் அனுபவமும் உள்ள மருத்துவ நிபுணர் ஒருவர் எழுதித் தந்தால்தான். அரசுத் தரப்புக்கு எழுதித்தர அரசு மருத்துவர்கள் இருக்கிறார்கள். கோவை மத்திய சிறையிலிருக்கும் ஒரு நூற்பாலைத் தொழிலாளிக்கு அதை எழுதித்தரும் நிபுணர் யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்பதை அந்த விதிகள் சொல்லவில்லை.