முன் டயரில் உட்கார்ந்த அப்பா

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கடைகளுக்கு நடுவே காரைத் திருப்புவது இன்றும் பெரும்பாடு. அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அங்கே ஒரே வீச்சில் திரும்பிவிடும். ஏறத்தாழ 25 அடி வட்டம் போதும் அதற்கு.

ஹெரால்டு நம்மூர் வண்டி. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் பெயரில் வந்த காரை, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இங்கே தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் ஆலை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பானெட்டைத் தூக்குவார். இரண்டு பக்க மட்கார்டும் அதோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். எஞ்சின் முழுசாகத் தெருவைப் பார்த்து நிற்கும். முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பார். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் சுகம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சூடும் வாசனையும் இன்னும் கையில் இருக்கின்றன.

அம்மா காப்பி டம்ளரோடு வாசற்படியில் நிற்பாள்.

அடுத்து மாருதி 800 வந்தது. 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த அதே வகை. 796 சிசி, மூன்று சிலிண்டர். எங்கள் வீட்டில் அதன் பானெட்டை யாரும் அதிகம் திறந்ததில்லை. திறக்க வேண்டியும் இருக்கவில்லை. சாவியைத் திருகினால் கிளம்பிவிடும். நாற்பத்தாறு வயதில் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அடையாறில் இருந்த பெரியம்மாவைப் பார்க்க யாரையும் கேட்காமல், யாருக்காகவும் காத்திராமல் கிளம்பினாள். லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபடி அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டது எனக்கு மறக்காது.

ஹெரால்டில் இருந்தது உறவு, மாருதியில் இருந்தது வெறும் வசதி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. ஹெரால்டைப் பற்றிய அறிவு அப்பாவிடம் இருந்தது. அதனால் சாவியும் அவரிடமே தங்கிவிட்டது. ஒன்றும் தெரிந்துகொள்ளத் தேவையில்லாத வண்டி வந்த பிறகுதான் ஸ்டியரிங் அம்மா கைக்குப் போனது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அம்மாவுக்காக மாருதியைத்தான் சொல்வேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஹெரால்டு யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. தெருவில் போகிறவருக்குக்கூடத் தன்னைத் திறந்து காட்டியது. ஆறடி தள்ளி வாசற்படியில் நின்றவளை, இங்கே வந்து பார் என்று நாங்கள்தான் ஒரு நாளும் கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், உடைத்துப் பிரிக்கப் புதுப்பேட்டைக்கு அனுப்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வையுங்கள். வாசற்படியில் நிற்பவரையும் கூப்பிடுங்கள்.