முன்பணத்தைத் தொடாதே, தங்கச்சி

சப் ஏஜென்ட் உன் லயத்து வாசலில் உட்கார்ந்து எண்ணி வைக்கிறானே, அந்த நோட்டுக்கட்டைத் தொடாதே. வீட்டில் அரிசி இல்லை, சங்கிலி அடகில் இருக்கிறது, மகனுக்கு ஸ்கூல் சப்பாத்து வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் தொடாதே. அது உன் மேல் இரக்கப்பட்டு யாரும் தருகிற காசில்லை. வெளிநாட்டில் உன்னை வீட்டு வேலைக்கு எடுக்கும் முதலாளி கட்டுகிற தொகையில் ஏஜென்சிக்கு ஒரு பங்கு, சப் ஏஜென்டுக்கு ஒரு பங்கு, உன்னைக் கட்டிப்போட உனக்கொரு பங்கு. வாங்கியபின் மனம் மாறி, ‘போகவில்லை’ என்று சொல்லிப் பார். அதே ஆள் அதே வாசலில் நின்று, கொடுத்ததற்கு மேலேயும் கேட்பான்.

இந்தக் கணக்கு மலையகத்துக்குப் புதிதல்ல. கங்காணி கொடுத்த முன்பணத்தோடுதான் நம் கொள்ளுப்பாட்டியும் கொள்ளுப்பாட்டனும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களை விட்டுக் கப்பலேறினார்கள். வழிச்செலவும் அரிசியும் கடனாக ஏறின. தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தக் கடனை அடுத்த தோட்டத்துத் துரை கட்டினால்தான் விடுதலை, அவன் கணக்கில் மறுபடியும் கடன். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருஷம் கழித்து அதே வேலையை ஒரு சப் ஏஜென்ட் செய்ய நாம் இடம் கொடுக்கலாமா?

போகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2024இல் பெரிய போராட்டத்துக்குப் பிறகு தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கொழுந்து குறைந்தால் அதிலும் வெட்டு. பசறையிலும் லுணுகலையிலும் மடூல்சீமையிலும் இருக்கிற தாய்மார் சவூதி, குவைத், ஜோர்தான் என்று ஏன் கிளம்புகிறார்கள் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. போ. ஆனால் நேர்வழியில் போ.

வயதைக் கூட்டிக் காட்டி ஒருபோதும் போகாதே. மூதூர் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழின்படி அவளுக்கு 17 வயது, கடவுச்சீட்டில் 23. அவள் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்துபோனது. பழி அவள் மேல் விழுந்தது. சிறு பிள்ளை என்று வாதாட வந்தபோது அந்தப் பொய் வயதே குறுக்கே நின்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். இன்று வீட்டுப் பணிக்குப் போக 21 வயது ஆகியிருக்க வேண்டும். வயதை ‘சரிபண்ணித் தருகிறேன்’ என்று வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்பு.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நம்பாதே. படித்த தம்பிமாருக்கும் இதைச் சொல்கிறேன். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சுற்றுலா விசாவில் போன இலங்கைப் பிள்ளைகள் ஆற்றைக் கடத்திக் கொண்டுபோகப்பட்டு, மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். அடியும் மின்சார அதிர்ச்சியும் வாங்கித்தான் மீண்டார்கள். புறப்படும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய். ஏஜென்சிக்கு உரிமம் இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேள். தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி. தமிழில் பேசக் கூச்சப்படாதே.

போன இடத்தில் நம் லயத்துப் பழக்கம் ஒன்று உன்னைக் கெடுக்கும். துரைக்கு முன்னால் புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டி நின்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே தலையாட்டினால் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். வேலை பிழைத்தால் வேண்டுமென்று செய்தாய் என்பார்கள். ‘விளங்கவில்லை’ என்று சொல்வதற்கான அரபுச் சொல்லை முதலில் பாடம் பண்ணு. நோன்பு மாதத்தில் பகலில் அவர்கள் கண்முன்னே சாப்பிடாதே. வீட்டாரைப் படமெடுத்து டிக்டொக்கில் போடாதே. சாமி கும்பிடுவதை உன் அறைக்குள் வைத்துக்கொள். சவூதியில் பிற மதத்தார் வெளியில் வழிபட அனுமதியில்லை. சம்பளத்தை மாதாமாதம் கேட்டு வாங்கு. ‘போகும்போது மொத்தமாகத் தருகிறேன்’ என்ற பேச்சுக்கு மயங்கி இரண்டு வருஷ உழைப்பை இழந்தவர்கள் ஏராளம்.

பதுளையிலோ பண்டாரவளையிலோ உன் பேரில் இரண்டு வங்கிக் கணக்கு திறந்துவிட்டுப் போ. ஒன்று வீட்டுச் செலவுக்கு. மற்றதன் புத்தகமும் கார்டும் உன்னைத் தவிர எவர் கைக்கும் போகக் கூடாது, தாலி கட்டியவர் கைக்கும்தான். வங்கியை விட்டு உண்டியலில் காசு அனுப்பினால் நாலு ரூபாய் கூடக் கிடைக்கலாம். காசு வந்து சேராவிட்டால் காட்டுவதற்கு உன்னிடம் ஒரு தாள் இருக்காது.

புருஷன்மாரே, உங்களிடமும் கேட்கிறேன். அவள் அனுப்பும் காசு, யாரோ ஒருத்தரின் கக்கூஸைக் கழுவி, யாரோ ஒருத்தரின் பிள்ளையைத் தூக்கிச் சம்பாதித்தது. அதைச் சாராயக் கடையில் வைக்காதீர்கள். தாயில்லாத வீட்டைப் பார்க்க மூத்த மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதீர்கள். சோறாக்கக் கற்றுக்கொள்ளுங்கள், ஆண்மை எங்கும் போய்விடாது. நாம் இருக்கும் லயம் நம்முடையதல்ல. ஊருக்கு நகை காட்டி, மறுவருஷம் அதை அடகு வைப்பதை விட்டுவிட்டு, அவள் பேரில் நாலு பேர்ச் காணிக்குச் சேர்த்து வையுங்கள்.

தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்களே, தொழிற்சங்கத் தலைவர்களே, கோயில் கமிட்டிக்காரர்களே, இந்த மாதம் உங்கள் தோட்டத்திலிருந்து யார் போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவள் கையெழுத்து வைக்கப்போகும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. இன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போங்கள். அந்தத் தாளை வாங்கிப் படித்து, சம்பளம் எவ்வளவு, எந்த நாட்டுக் காசில், லீவு நாள் உண்டா, எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் அவளுக்குச் சொல்லுங்கள்.